செனகா மாமாவும் தமிழ் மாமாவும்

ஆங்கிலத்துல அப்பாவோட அண்ணன் அங்கிள். அப்பாவோட தம்பியும் அங்கிள். தாய்மாமன் அங்கிள், அத்தை வீட்டுக்காரர் அங்கிள், சித்தி வீட்டுக்காரர் அங்கிள். எதிர் ஃப்ளாட்டுல இருக்கிறவரும் அங்கிள். இந்த ஒத்தை வார்த்தையை வச்சுக்கிட்டு அவங்க எப்படித்தான் ஒரு காதுகுத்துக்கு மொய் எழுதுவாங்களோ :-)

நம்ம ஊர்ல கதையே வேற. கல்யாண வீட்டுல முன்னே பின்னே பார்த்திராத ஒரு பெரியவர் பக்கத்துல வந்து உட்காருவார். "நீ யாரு மவன்?"னு ஆரம்பிச்சு, மூணாவது கேள்வியில தாத்தா பேரைப் பிடிச்சு, நாலாவது கேள்வியில "அப்ப நீ எனக்கு மருமவன் முறை வேணும்டா"ன்னு முடிச்சிருவார். அந்த நாலு கேள்விக்குள்ள அவர் மனசுல ஓடுற கணக்கை நிரலா எழுதச் சொன்னா, என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுக்கு ஒரு வாரம் பிடிக்கும். அப்பவும் நாலு பக் இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்து வாயைப் பிளந்து, ஒரு துறையையே தொடங்கி வச்ச ஆளைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அவர் தமிழரும் இல்லை, இந்தியாவுக்கு வந்ததும் இல்லை. நியூயார்க் மாகாணத்தில் ராசெஸ்டர்ங்கிற ஊர்ல ரயில்வே கம்பெனிகளுக்கு வக்கீலா இருந்தவர். பேரு லூயிஸ் ஹென்றி மார்கன் (1818-1881). மானுடவியல் படிக்கிறவங்களுக்கு இவர் பாட்டன் முறை.

மார்கன் கதை கொஞ்சம் காமெடியாத்தான் ஆரம்பிக்குது. 1840கள்ல அவரும் சில இளவட்டங்களும் சேர்ந்து ஒரு ரகசியச் சங்கம் வச்சிருந்தாங்க. அந்தப் பக்கத்து அமெரிக்கப் பழங்குடிகளான இரோக்வாய் மக்கள் மாதிரி உடை உடுத்தி, கூட்டம் போட்டு, சடங்கெல்லாம் நடத்துவாங்க. வெள்ளைக்காரப் பசங்க வேஷம் கட்டி விளையாடுறாங்கன்னு விட்டிருக்கலாம். ஆனா மார்கனுக்கு நிஜ இரோக்வாய் சங்கம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. 1844ல் ஆல்பனி நகரத்துல ஒரு புத்தகக் கடையில எலி பார்க்கர்ங்கிற செனகா பையனைச் சந்திக்கிறார். பார்க்கருக்கு அப்ப பதினாறு வயசு இருக்கும். தன் இனத்துத் தலைவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரா வந்திருந்தான். அவங்க வந்த காரியம் விளையாட்டில்லை. 1838ல் போட்ட ஒரு மோசடி ஒப்பந்தத்தால டோனவாண்டா என்கிற அவங்க ஊரே ஒரு நிலக் கம்பெனி கைக்குப் போகிற நிலைமை. அதைத் தடுக்கத்தான் தலைநகரத்துக்கு நடையா நடந்துக்கிட்டிருந்தாங்க. (அந்தச் சண்டை 1857 வரைக்கும் நடந்தது. கடைசியில தங்களோட சொந்த நிலத்துல ஏழாயிரம் ஏக்கருக்கு மேல காசு கொடுத்துத் திருப்பி வாங்கினாங்க. சொந்த நிலத்தை!)

இந்தப் பார்க்கரைப் பத்தியே தனிப் பதிவு போடலாம். சட்டம் படிச்சார், நீ குடிமகனே இல்லைன்னு சொல்லி வக்கீலா பதிவு பண்ண விடலை. சரி போங்கடான்னு சிவில் இன்ஜினியர் ஆயிட்டார். நம்ம ஜாதி :-) அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஜெனரல் கிராண்ட்டுக்குச் செயலாளரா இருந்தார். 1865ல் அப்போமாட்டாக்ஸ்ல தென்பகுதிப் படை சரணடைஞ்சப்ப, அந்தச் சரணாகதி நிபந்தனைகளைப் படி எடுத்து எழுதினது இந்தச் செனகா இன்ஜினியரோட கை.

மார்கனும் டோனவாண்டா வழக்குல செனகா மக்கள் பக்கம் நின்னார். அதுக்கு நன்றியா அவரைத் தங்களோட பருந்துக் குலத்துல ஒருத்தரா சேர்த்துக்கிட்டாங்க. இதை ஏதோ பொன்னாடை போர்த்துற மாதிரி கௌரவம்னு நினைச்சுரக் கூடாது. செனகா சமூகத்துல எட்டுக் குலம். ஓநாய், கரடி, ஆமை, பீவர் ஒரு பக்கம். மான், உள்ளான், நாரை, பருந்து இன்னொரு பக்கம். குலம் இல்லாத ஆளு யாருக்கும் எந்த முறையும் ஆக மாட்டான். கல்யாண வீட்டுப் பெரியவரோட நாலு கேள்விக்கும் பதில் இல்லாத ஆளு மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

இந்தக் குலம் தாய்வழி. அம்மா ஓநாய்னா பிள்ளைகள் எல்லாம் ஓநாய். அப்பா என்னவா இருந்தாலும் கணக்குல வராது. ஒரே குலத்துக்குள்ள கல்யாணம் கிடையாது. அதனால அப்பாவும் பிள்ளையும் ஒருநாளும் ஒரே குலமா இருக்க முடியாது. இரோக்வாய் கூட்டமைப்புல மொத்தம் ஐம்பது தலைவர் பதவி. ஒவ்வொண்ணும் ஒரு குலத்துக்குச் சொந்தம். தலைவர் செத்தா அவர் மகனுக்குப் பதவி போகாது, மகன்தான் வேற குலமாச்சே! தம்பிக்குப் போகும், இல்லைன்னா அக்கா தங்கச்சி மகனுக்குப் போகும். யாருக்குங்கிறதை முடிவு பண்றது அந்தக் குலத்துப் பாட்டிமார். சரியில்லைன்னா பதவியைப் பிடுங்குறதும் அவங்கதான். 1851ல் எலி பார்க்கருக்குத் தலைவர் பதவி வந்ததும் ஓநாய்க் குலத்து உரிமையாத்தான். கேரளத்து மருமக்கத்தாயம் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுன்னு புரிஞ்சிரும்.

அதே 1851ல் மார்கன் இரோக்வாய் மக்களைப் பத்திப் புத்தகம் போட்டுட்டார். அதோட பழங்குடி ஆராய்ச்சியை மூட்டை கட்டிட்டு வக்கீல் தொழிலைப் பார்க்கப் போயிட்டார். ஆனா ஒரு விஷயம் அவர் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்திருக்கு. செனகா மொழியில அப்பாவைக் கூப்பிடுற வார்த்தைதான் அப்பாவோட சகோதரனுக்கும். அம்மாவைக் கூப்பிடுற வார்த்தைதான் அம்மாவோட சகோதரிக்கும். ஆனா அம்மாவோட சகோதரனுக்குத் தனி வார்த்தை, அப்பாவோட சகோதரிக்குத் தனி வார்த்தை. சித்தப்பா பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் அண்ணன் தங்கச்சி. மாமா பிள்ளைகளுக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் வேற பேரு.

படிக்கும்போதே உங்களுக்கு "இதுல என்னய்யா அதிசயம், உலகமே அப்படித்தானே"ன்னு தோணியிருக்கும். அங்கதான் விஷயமே இருக்கு. ஆங்கிலம் பேசுற வக்கீலுக்கு இது தலைசுத்துற விஷயம். பெத்த அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வார்த்தைன்னா, சொத்து வழக்குல வாரிசுன்னு யாரைக் காட்டுறது?

இது செனகா மக்களோட தனி விநோதம்னுதான் மார்கன் முதல்ல நினைச்சார். 1858ல் சுரங்க ரயில் வேலையா மிச்சிகன் மாகாணத்து மார்க்கெட் என்கிற ஊருக்குப் போனவர், அங்க ஓஜிப்வா மக்கள் கிட்ட விசாரிச்சார். மொழி சுத்தமா வேற. ஒரு வார்த்தைகூட ஒத்துப் போகாது. ஆனா உறவுகளைப் பிரிச்சு வச்சிருக்கிற விதம் கிட்டத்தட்ட அதே. சும்மா இருப்பாரா? இருநூறுக்கும் மேல உறவுகளைப் பட்டியல் போட்டு ஒரு கேள்வித்தாள் அச்சடிச்சார். "அப்பாவோட சகோதரியின் மகனை எப்படி அழைப்பீர்கள்", "அந்த மகனுடைய மகளை எப்படி அழைப்பீர்கள்"னு போய்க்கிட்டே இருக்கும். ஸ்மித்சோனியன் நிறுவனமும் அமெரிக்க அரசும் உதவி செய்ய, அது தூதரகங்களுக்கும் மிஷனரிகளுக்கும் கப்பல் ஏறிப் போச்சு. கூகுள் ஃபார்ம் இல்லாத காலத்து சர்வேங்க. ஒரு பதில் வர மாசக்கணக்காகும்.

ஆனா தமிழ்நாட்டுச் சங்கதி அவர் கைக்கு அதுக்கு முன்னாலயே கிடைச்சிருச்சு. 1859ல் தென்னிந்தியாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரி ஒருத்தர் கிட்ட தமிழ், தெலுங்கு உறவுமுறையைப் பத்தி விசாரிக்கிறார். பின்னாடி முழுத் தமிழ் அட்டவணையையும் நிரப்பி அனுப்பினவர் வேலூர்ல இருந்த எசக்கியேல் ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடர் இருக்காங்களே, அவங்களுக்கு இவர் அங்கிள். பெரியப்பான்னு சொன்னாத்தான் நமக்குத் திருப்தி.

அட்டவணையைப் பார்த்த மார்கனுக்கு எப்படி இருந்திருக்கும்! அப்பா, பெரியப்பா, சித்தப்பா: மூணுலயும் அப்பா இருக்கார். அம்மா, பெரியம்மா, சின்னம்மா: மூணுலயும் அம்மா. மாமாவும் அத்தையும் தனி. பெரியப்பா பிள்ளை அண்ணன், மாமா பிள்ளை மச்சான். பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, கடல் கடந்து பார்த்தே இராத ரெண்டு சனம், ஒரே மாதிரி உறவைக் கூறு போட்டு வச்சிருக்கு. இவங்க ரெண்டு பேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிஞ்சவங்கதான், அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவங்கதான், இதோ அதுக்கு ஆதாரம்னு முடிவு கட்டிட்டார். மொழி மாறும், மதம் மாறும், உறவைப் பிரிக்கிற முறை மட்டும் ரத்தத்தோட ரத்தமா வழிவழியா வரும்ங்கிறது அவர் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நிரூபிக்க அவர் கொடுத்த விலையும் பெருசு. 1862ல் மிசௌரி ஆத்து வழியா மேல போய், அங்கிருந்த பழங்குடிகள் கிட்ட உறவுப் பெயர்களைச் சேகரிச்சுக்கிட்டிருந்தார். அந்தச் சமயத்துல ராசெஸ்டர் வீட்டில் அவரோட ரெண்டு சின்னப் பெண் குழந்தைகளும் செங்காய்ச்சல்ல செத்துப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த சேதி திரும்பி வர வழியிலதான் அவருக்குக் கிடைக்குது. அதுக்கப்புறமும் அந்தக் கேள்வித்தாள்களை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தார். 1871ல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட அந்தத் தடிப் புத்தகத்துல நூத்துக்கும் மேற்பட்ட இனங்களோட உறவு அட்டவணைகள் இருக்கு. 1877ல் வந்த 'பண்டைய சமூகம்' புத்தகத்துல செனகாவையும் தமிழையும் மட்டும் அக்கம்பக்கமா வச்சுத் தனி அட்டவணையே போட்டிருக்கார்.

மார்க்ஸ் இதைப் படிச்சுக் குறிப்பெடுத்தார். அதை வச்சு ஏங்கல்ஸ் 1884ல் குடும்பம், தனிச்சொத்து, அரசு பத்தின தன் புத்தகத்தை எழுதினார். தமிழர்களுக்கும் செனகா இரோக்வாய்களுக்கும் இருநூறுக்கு மேற்பட்ட உறவுகள் ஒரே மாதிரின்னு அதுலயும் வருது. நம்ம ஊர் தோழர்கள் நிறைய பேர் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. "செவ்விந்தியனும் தமிழனும் ஒண்ணு"ன்னு ஃபார்வர்டு மெயில் ஒண்ணு சுத்துமே, அதுக்கும் வேரைத் தோண்டிப் பார்த்தா எங்கேயோ இந்த அட்டவணை கிடக்கும்.

சரி, மார்கன் சொன்னது உண்மையா? அமெரிக்கப் பழங்குடிகளோட முன்னோர் ஆசியாவிலிருந்து போனது உண்மை. குறைஞ்சது 15,000 வருஷத்துக்கு முன்னாடி வடகிழக்கு ஆசியாவிலிருந்து போனாங்கன்னு மரபணு ஆய்வும் தொல்லியலும் சொல்லுது. ஆனா அதுக்கும் நம்ம சித்தப்பாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விடை சரி, போட்ட வழி தப்பு. பரீட்சையில இதுக்குப் பாதி மார்க்தான்.

வழி தப்புன்னு காட்டுற தடயம் மார்கன் அட்டவணையிலயே இருக்கு. அவரே அதைக் கவனிச்சு எழுதியும் வச்சிருக்கார். சின்ன வித்தியாசம்னு தாண்டிப் போயிட்டார், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் மெதுவாப் போவோம்.

எனக்கு ஒரு தாய்மாமன். அவருக்கு ராஜான்னு ஒரு பையன், ராணின்னு ஒரு பொண்ணு. நான் ஆம்பளை, அதை மனசுல வச்சுக்கோங்க. ராஜா எனக்கு மச்சான். ராஜாவுக்கு ஒரு குழந்தை பிறந்தா அது என்னை எப்படிக் கூப்பிடும்? மாமான்னு. அப்ப அது எனக்கு மருமகன் அல்லது மருமகள். ராணிக்கு ஒரு குழந்தை பிறந்தா? அது என்னைச் சித்தப்பான்னோ பெரியப்பான்னோ கூப்பிடும். அப்ப அது எனக்கு மகன் முறை, மகள் முறை. நம்ம வீட்டுல யாரைக் கேட்டாலும் யோசிக்காமச் சொல்வாங்க.

செனகாவில் இது அப்படியே தலைகீழ். ராஜாவோட குழந்தை எனக்கு மகன், ராணியோட குழந்தை எனக்கு மருமகன்.

ஏன்? நம்ம கணக்குல ராணி எனக்கு முறைப்பெண். நான் கட்டிக்கிறேனோ இல்லையோ, கட்டிக்க வேண்டிய முறை. அதனால அவ பிள்ளை என் பிள்ளை முறை. ராஜா என் தங்கச்சியைக் கட்டிக்க வேண்டிய முறை. அதனால அவன் பிள்ளை எனக்குத் தங்கச்சி பிள்ளை மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்குள்ளயும் ஒரு கல்யாணம் ஒளிஞ்சிருக்கு. மாமாவும் மாமனாரும், அத்தையும் மாமியாரும் ஒரே சொல்லா இருக்கிறதும் அதனாலதான். செனகா மொழியில மாமனாருக்குத் தாய்மாமன் சொல்லைப் பயன்படுத்த மாட்டாங்க, அதுக்குத் தனிச் சொல். ஏன்னா அவங்க கிட்ட மாமா பொண்ணு, அத்தை பொண்ணைக் கட்டுற வழக்கமே இல்லை. அவங்க கணக்கு ரொம்ப எளிசு. என்னை மாதிரியே ஆணா இருக்கிற உறவுக்காரனோட பிள்ளை எனக்குப் பிள்ளை. பெண்ணா இருக்கிற உறவுக்காரியோட பிள்ளை எனக்கு மருமகன். சங்கிலி எத்தனை நீளம்னாலும் கடைசிக் கண்ணியை மட்டும் பார்த்தாப் போதும். நம்ம பெரியவர் முழுச் சங்கிலியையும் உருட்டணும்.

இன்னொண்ணு பாருங்க. அப்பாவோட அத்தை மகன் நமக்கு என்ன முறை? அப்பாவுக்கு மச்சான், அதனால நமக்கு மாமா. செனகாவில் அவரும் அப்பாதான்! அப்பா தலைமுறையில அப்பா வழி ஆண் எல்லாமே அப்பா.

பக்கத்துல இருந்து பார்த்தா ரெண்டு வீடும் ஒரே மாதிரி. உள்ளே போனா ஒயரிங் வேற.

இதைக் கண்டுபிடிக்க நூறு வருஷம் ஆச்சு. நடுவுல மெக்லென்னன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், இதெல்லாம் வெறும் மரியாதைக்குக் கூப்பிடுற வார்த்தைகள், இதுல ஆராய்ச்சிக்கு ஒண்ணும் இல்லைன்னு மார்கனைப் போட்டுத் தாக்கினார். பஸ் கண்டக்டரை அண்ணேன்னு கூப்பிடுற நம்ம ஊரைப் பார்த்தா அவர் சொல்றதும் சரிதானோன்னு தோணும். ஆனா கண்டக்டர் அண்ணனோட தங்கச்சியைக் கட்டலாம், பெரியப்பா மகனோட தங்கச்சியைக் கட்ட முடியாதே. 1907ல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், தென்னிந்திய உறவுச் சொற்களுக்கும் முறைப்பெண் கல்யாணத்துக்கும் இருக்கிற தொடர்பை எழுதினார். 1949லிருந்து மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊர்கள்ல தங்கி ஆராய்ச்சி பண்ணின பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன், 1953ல் ஒரு கட்டுரை போட்டார். திராவிட உறவுச் சொற்களை ரத்த சம்பந்தமா மட்டும் பார்க்காதீங்க, மாமன் மச்சான்ங்கிறது 'சம்பந்தி' பக்கம். அந்தக் கல்யாண சம்பந்தம் அப்பாவிலிருந்து மகனுக்குச் சொத்து மாதிரி இறங்கும்ங்கிறது அவர் வாதம். அப்புறம் 1964ல் யேல் பல்கலைக்கழக மொழியியலாளர் ஃபிலாய்ட் லவுன்ஸ்பரி செனகாச் சொற்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பிரிச்சு மேஞ்சார். இரோக்வாய் வகை வேற, திராவிட வகை வேறன்னு அதுல தெளிவாச்சு. திராவிட வகை அமேசான் காட்டு யனோமாமி மக்கள் கிட்டயும் இருக்கு. அவங்க கிட்டயும் முறைப்பெண் கல்யாணம் உண்டு. அவங்களும் நமக்குச் சொந்தம் இல்லை. ஒரே கல்யாண விதி, அதனால ஒரே மாதிரி சொற்கள்.

லவுன்ஸ்பரி காட்டின இன்னொரு விஷயம்தான் எனக்கு இதைவிட முக்கியமாப் படுது. செனகா மக்கள் 'அப்பா'ன்னு கூப்பிடுற அத்தனை பேரும் ஒரே குலம் இல்லை. அப்பாவோட அத்தை மகனைச் சொன்னேனே, அவர் அப்பா குலத்துல இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அதாவது நான் யாரை என்னன்னு கூப்பிடுறேங்கிறது ஒரு கணக்கு. நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்ங்கிறது முழுக்க வேற ஒரு கணக்கு. முதல் கணக்குல எனக்கு அம்மா பக்கமும் உண்டு, அப்பா பக்கமும் உண்டு. ரெண்டாவது கணக்குல ஒரே ஒரு பக்கம்தான். டேட்டாபேஸ் பாஷையில சொன்னா ரெண்டு தனித்தனி டேபிள். ரெண்டையும் ஒண்ணா இணைச்சு வச்சா குழப்பம்தான்.

நம்ம ஊர்லயே இதுக்கு அழகான சாட்சி இருக்கு. பெரும்பாலான சாதிகள்ல பங்காளிக் கூட்டம் அப்பா வழி. குலதெய்வம், சொத்து, காரியத்துக்கு மொட்டை போடுறது எல்லாம் அப்படித்தான். ஆனா கொண்டையங்கோட்டை மறவர்கள் கிட்ட 'கிளை'ன்னு ஒண்ணு இருக்கு. அது அம்மா வழி. அம்மா எந்தக் கிளையோ அதுதான் பிள்ளைக்கும். ஒரே கிளையில கல்யாணம் கிடையாது. சொத்து மட்டும் அப்பா வழியில போகும். அவங்க கிளை செனகா குலம் மாதிரி அம்மாவழி. உறவுச் சொல்லோ பக்கத்து ஊர் அப்பாவழிச் சாதிக்காரர் சொல்ற அதே மாமா, அத்தை, மச்சான். கூட்டம் மாறினாலும் சொல் மாறலை. இந்த ஒரு உதாரணம் மார்கனுக்குக் கிடைச்சிருந்தா அந்தத் தடிப் புத்தகம் இன்னும் கொஞ்சம் தடிச்சிருக்கும்.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் அடிச்சுக்கிற விஷயம், நமக்கென்னன்னு விட்டுரலாமா? கூட்டத்தோட கணக்கை வெளியாள் மாத்தி எழுதினா என்ன ஆகும்னு இரோக்வாய் மக்கள் அனுபவிச்சுப் பார்த்துட்டாங்க.

இரோக்வாய் கூட்டமைப்புல செனகா மாதிரியே இன்னொரு நாடு மோஹாக். அமெரிக்கா, கனடான்னு எல்லைக்கோடு போட்டப்ப மோஹாக் ஊர்கள் பல கனடா பக்கம் விழுந்துச்சு. மான்ட்ரியல் பக்கத்துல இருக்கிற கானாவாகே அதுல ஒண்ணு. அங்கயும் குலம் தாய்வழிதான். ஆனா கனடா அரசாங்கத்துக்கு விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் குடும்பம்தான் குடும்பம். யார் பழங்குடிங்கிறதை இனி சட்டம் சொல்லும்னு 1869லும் 1876லும் சட்டம் போட்டாங்க. பழங்குடி ஆண், அவன் பிள்ளைகள், அவன் பொண்டாட்டி: இவங்கதான் பழங்குடி. பழங்குடிப் பெண் வெளியாளைக் கட்டினா அன்னையோட பதிவேட்டுல அவ பேர் போச்சு, அவ பிள்ளைகளுக்கும் கிடையாது. பழங்குடி ஆண் வெள்ளைக்காரியைக் கட்டினா அவ பழங்குடி!

மோஹாக் கணக்குல வச்சுப் பாருங்க. ஓநாய்க் குலத்துப் பெண் யாரைக் கட்டினாலும் அவ ஓநாய், அவ பிள்ளைகள் ஓநாய். வெளியிலிருந்து வந்த மருமகளோட பிள்ளைகளுக்குத்தான் குலம் இல்லாமப் போகும். எலி பார்க்கரே 1867ல் வெள்ளைக்காரப் பெண்ணைத்தான் கட்டினார். அவ்வளவு பெரிய தலைவரா இருந்தும், செனகா முறைப்படி அவர் மகளுக்கு ஓநாய்க் குலம் கிடையாது. சட்டம் பண்ணினது என்னன்னா, குலம் உள்ளவளை வெளியே தள்ளி, குலம் இல்லாதவளை உள்ளே கூட்டிட்டு வந்தது. பதிவேட்டுல பேர் இல்லைன்னா ஊர்ல நிலம் வச்சுக்க முடியாது, குடியிருக்க முடியாது, செத்தா அந்த ஊர் மண்ணுல புதைக்கவும் முடியாது.

கானாவாகேயில பிறந்த மேரி டூ-ஆக்ஸ் ஏர்லி வெளியாள் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்படித்தான் பதிவேட்டிலிருந்து போனவங்க. 1966ல் இதே நிலைமையில இருந்த அவங்க தோழி ஒருத்தர், வீட்டை வித்துட்டு ஊரை விட்டுப் போன்னு வந்த உத்தரவால மனசு ஒடிஞ்சு செத்துட்டார்னு அவங்க நம்பினாங்க. அதுக்கப்புறம் அவங்க ஓயலை. மனு, கூட்டம், ஊர்வலம். எதிர்ப்பு அரசாங்கத்துக் கிட்டயிருந்து மட்டும் வரலை. நூறு வருஷம் அந்தச் சட்டத்துக்குள்ளயே வாழ்ந்ததுல சொந்த ஊர்க்காரங்கள்ல பல பேருக்கும் அதுவே வழக்கமாயிருச்சு. வெளியாளைக் கட்டினவங்க ஊருக்குள்ள இருக்கலாமாங்கிற சண்டை கானாவாகேயில சட்டம் மாறின பிறகும் ஓயலை. 2018ல் கூட கியூபெக் நீதிமன்றம் அதுல தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓஜிப்வா பெண் ஜெனட் கார்பியர் லவேல் போட்ட வழக்கை 1973ல் கனடா உச்ச நீதிமன்றம் தள்ளிருச்சு. மாலிசீட் இனத்து சாண்ட்ரா லவ்லேஸ் ஐ.நா. மனித உரிமைக் குழு வரைக்கும் போனார். 1981ல் அவர் பக்கம் முடிவு வந்துச்சு. கடைசியில 1985ல் கனடா சட்டத்தைத் திருத்துச்சு. அப்பவும் முழுசா இல்லை. பாட்டி வழியா வந்தவங்களுக்கும் தாத்தா வழியா வந்தவங்களுக்கும் வித்தியாசம் வச்சுத்தான் திருத்தினாங்க. அதைச் சரி பண்ண 2019 ஆகஸ்ட் வரைக்கும் திருத்தத்துக்கு மேல திருத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

1985 ஜூலையில, திருத்தின சட்டத்துப்படி இழந்த உரிமையை முதல் ஆளா திரும்ப வாங்கினவங்க மேரி டூ-ஆக்ஸ் ஏர்லி. அப்ப அவங்களுக்கு எழுபது வயசு தாண்டிருச்சு. 1996ல் இறந்தப்ப கானாவாகே கல்லறைத் தோட்டத்துலயே அவங்களைப் புதைச்சாங்க.